ஒரே ஒரு சிங்கிள் போதும்

2019 ஏப்ரலில் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் யாரும் எங்கள் கிறிஸ் டேவிஸிடம் ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டும் அடி, எதிர்பார்க்கவில்லை. ஒரு சிங்கிள், அதாவது ஃபர்ஸ்ட் பேஸ் வரை போகும் அடி, கிடைத்தால் போதும் என்றிருந்தோம். பந்து மட்டையின் நுனியில் பட்டு, தத்தித் தத்தி உருண்டு, இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே எப்படியோ புகுந்து போனாலும் சரி. பந்து போடும் பிட்சர் காலில் பட்டுத் தெறித்தாலும் சரி. முந்தைய வருஷம் செப்டம்பர் 14-ம் தேதி ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்ததோடு சரி. அந்த சீசன் முடியும்வரை 21 முறை மட்டை பிடித்தார், ஒன்றும் இல்லை. புது சீசன் வந்தது, அதே கதை தொடர்ந்தது.

அவருடைய சம்பளம் வருஷத்துக்கு 2 கோடியே 30 லட்சம் டாலர்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பேஸ்பாலில் மட்டை பிடிப்பவர் தோற்பதுதான் வழக்கம். பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடிப்பவர், அதாவது அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறவர், நட்சத்திரம். அதை .300 என்று எழுதுவார்கள். 2018-ல் மேஜர் லீக், அதாவது அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால், முழுவதும் சேர்த்து சராசரி .248. அந்த வருஷம் டேவிஸின் சராசரி .168. சராசரிப் பட்டியலில் இடம்பெறத் தேவையான அளவு ஆடியவர்களில் மேஜர் லீகின் நவீன வரலாற்றில் இதுதான் மிகக் குறைவு. அதற்கு முன்பு கடைசி இடத்தில் இருந்தது .179.

ஆனால் கிரிக்கெட்டில் ஃபார்ம் போன ஆட்டக்காரரை உட்கார வைத்துவிடுவார்கள், கொஞ்ச நாள் கண்ணில் படமாட்டார். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும். ஒரு ஆட்டத்தில் நான்கு முறை மட்டை பிடிக்க வேண்டும். தோல்வியைத் தவணை முறையில், ராத்திரிக்கு நாலு தடவை, எல்லோரும் பார்க்க அனுபவித்தாக வேண்டும்.

டேவிஸ் எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது புரியும். 2011 ஜூலையில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஓரியோல்ஸுக்குத் தள்ளிவிட்டது. கோஜி உஏஹாரா என்ற நல்ல பிட்சரைக் கொடுத்து டேவிஸையும் இன்னொரு பிட்சரையும் வாங்கினோம். அப்போது ஓரியோல்ஸ் 1998-லிருந்து தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி. நான் மேரிலாண்டுக்கு வேலைக்கு வந்த புதிதில், இந்த ஊரில் யாராவது ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு போனால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

2012 மே 6. பாஸ்டன் ஃபென்வே பார்க்கில், ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம் 17-வது இன்னிங்ஸ்வரை இழுத்துவிட்டது. எங்கள் பக்கம் பிட்சர்களே தீர்ந்துபோனார்கள். அன்றைக்கு எட்டு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட இல்லாமல், அதில் ஐந்து முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆகியிருந்த டேவிஸைப் பந்து போட அனுப்பினார்கள். கல்லூரி நாட்களுக்குப் பிறகு பந்தே போடாத ஆள். இரண்டு இன்னிங்ஸ் போட்டார், ஒரு ரன் கொடுக்கவில்லை. பாஸ்டன் நட்சத்திரம் ஏட்ரியன் கொன்ஸாலெஸை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்! நாங்கள் 9-6 என்று ஜெயித்தோம், வெற்றி பெற்ற பிட்சர் என்று அவர் பெயர்தான் பதிவானது. அந்த வருஷம் 93 ஆட்டங்களில் ஜெயித்து பிளே ஆஃபுக்கே போய்விட்டோம். அங்கே முதலில் தோற்கடித்தது அவரை வேண்டாம் என்ற டெக்சஸை.

அடுத்த வருஷம், 2013-ல், 53 ஹோம் ரன். ஓரியோல்ஸ் வரலாற்றில் வேறு யாரும் ஒரு சீசனில் அவ்வளவு அடித்ததில்லை. ஆறடி மூன்றங்குல உயரம், தாடி, இடது கை ஆட்டம். அவர் அடிக்கும்போது பெரிதாக எதுவும் செய்தமாதிரியே தெரியாது. அசட்டையாக மட்டையைச் சுழற்றுவார், பந்து எங்கள் மைதானமான கேம்டன் யார்ட்ஸின் வலதுபக்கச் சுவரைத் தாண்டி யூட்டா தெருவுக்குப் போகும். மைதானத்துக்கும் பழைய ரயில்வே கிடங்குக்கும் நடுவே ஓடும் நடைபாதை அது. அங்கே வந்து விழுந்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் தரையில் ஒரு வெண்கலத் தகடு பதித்திருப்பார்கள். டேவிஸ் பெயர் போட்ட தகடுகளை இன்றும் ஜனங்கள் மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

நடுவில் 2014 மோசம். சராசரி .196, போதாததற்கு ஆடரால் என்ற மருந்தை அந்த வருஷத்துக்கான அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டதற்காக 25 ஆட்டத் தடை. அணி தன் டிவிஷனில் (பிரிவில்) முதலிடம் பிடித்து பிளே ஆஃப் ஆடியபோது அவர் வீட்டில் இருந்தார். ஆனால் 2015-ல் மறுபடியும் 47 ஹோம் ரன் அடித்தார். மொத்த மேஜர் லீகிலும் அதுதான் முதலிடம். விழுந்தால் எழுவார் என்பதற்கு அத்தாட்சியே கிடைத்துவிட்டது. பிறகு வந்த வருஷங்களில் எங்களைக் கெடுத்தது இந்த 2015-தான் என்று நினைக்கிறேன்.

2016 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஏழு வருஷம், 16 கோடியே 10 லட்சம் டாலர். ஓரியோல்ஸ் வரலாற்றிலேயே பெரிய தொகை. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வருஷச் சம்பளமான 2 கோடியே 30 லட்சத்தில் 1 கோடியே 70 லட்சம்தான் அப்போதே கைக்கு வரும். மீதி சேர்ந்து மொத்தம் 4 கோடியே 20 லட்சம், 2037 வரை தவணையாகப் போகும். அணி முதலாளி பீட்டர் ஏஞ்செலோஸ் பணம் செலவழிக்கத் தயங்குபவர் என்று பேர் வாங்கியவர். அவரே இறங்கிவந்து கொடுத்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவரைத் தவிர. என் பக்கத்து மேஜைக்காரர், பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்தவர், கணக்குப்பிள்ளை புத்தி. "முப்பது வயசு ஆளுக்கு ஏழு வருஷமா?" என்றார். மேற்கொண்டு பேசவில்லை.

இந்த விளையாட்டில் ஒப்பந்தம் போட்டால் போட்டதுதான். அமெரிக்க ஃபுட்பால் மாதிரி பாதியில் வெட்டிவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்க முடியாது. ஆட்டக்காரரை அனுப்பலாம், ஆனால் பேசிய பணம் கடைசி டாலர் வரை போய்ச் சேர வேண்டும். அதனால் அணிக்கு ஒரு சபலம் வரும். எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம், ஆடவாவது ஆடட்டும், என்றைக்காவது பழைய ஆள் திரும்பி வரமாட்டாரா. மேனேஜர் அலுவலகத்தில் ஓடும் இந்த எண்ணம்தான் மேல்வரிசை சீட்டில் உட்கார்ந்திருப்பவன் மனசிலும் ஓடும். அவனுக்குச் செலவு டிக்கெட் காசோடு போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரிவு ஒரேயடியாக வரவில்லை. 2016-ல் 38 ஹோம் ரன், ஆனால் 219 ஸ்ட்ரைக் அவுட். 2017-ல் 26 ஹோம் ரன், சராசரி .215. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிட்சர்களின் வேகம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்தது, முப்பதைத் தாண்டிய கைகளுக்கு அது எட்டவில்லை என்பது ஒன்று. ஷிஃப்ட் இன்னொன்று. டேவிஸ் பெரும்பாலும் வலதுபக்கம்தான் அடிப்பார் என்று தெரிந்து எதிரணிகள் மூன்று இன்ஃபீல்டர்களை (பேஸ்களுக்கு அருகே நிற்கும் ஃபீல்டர்களை) அந்தப் பக்கமே கொண்டுபோய் நிறுத்தின. முன்பு ஹிட்டாகப் போன பந்துகள் எல்லாம் புல்வெளியில் நின்றிருக்கும் ஒருவர் கையில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தன. சரி, இடதுபக்கம் தட்டிவிட வேண்டியதுதானே என்று என் மனைவிகூடக் கேட்டாள். மணிக்கு 95 மைலில் வரும் பந்தை வேண்டிய பக்கம் திருப்புவது நாம் சோபாவில் உட்கார்ந்து சொல்வதுபோல இல்லை.

எனக்கு இவற்றைவிட வேறொன்றுதான் கண்ணில் நிற்கிறது. அவர் மட்டையை வீசாமல் நிற்பது. மூன்றாவது ஸ்ட்ரைக் நடு நெஞ்சுக்கு நேராக வரும், பார்த்துக்கொண்டே நிற்பார். அம்பயர் கையை நீட்டுவார். டேவிஸ் ஒரு கணம் அங்கேயே நிற்பார், பிறகு ஹெல்மெட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் பக்கம் திரும்புவார். வீசித் தவறுகிறவர் சண்டை போடுகிறார் என்று தோன்றும். பார்த்துக்கொண்டு நிற்கிறவரிடம் ரசிகனுக்குக் கோபம் வரும். நானும் டிவியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

2018 சீசன் முடிந்ததும் என் கணக்குப்பிள்ளை நண்பர் ஒரு காகிதத்தோடு வந்தார். 470 முறை மட்டை பிடித்து 79 ஹிட். 2 கோடியே 30 லட்சத்தை 79-ஆல் வகுத்தால் ஒரு ஹிட்டுக்குச் சுமார் 2 லட்சத்து 91 ஆயிரம் டாலர். "என் வீட்டு விலை ஒரு சிங்கிளுக்கு" என்றார். நகரம் முழுக்க இந்த மாதிரிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அணி தோற்றது 115 ஆட்டம். அதற்கு டேவிஸ் ஒருவரா காரணம்? இல்லைதான். ஆனால் பெரிய சம்பளம் வாங்குபவரின் தோல்வியை மட்டும் யாரும் தோல்வி என்று சொல்வதில்லை, கடன் என்கிறார்கள். சின்னச் சம்பளக்காரர் ஸ்ட்ரைக் அவுட் ஆனால் பாவம் என்போம். இவர் ஆனால் நம் பாக்கெட்டில் கைவிட்டு எடுத்தமாதிரி எரிச்சல் வரும். நமக்கும் அந்தப் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. அவர் வாங்காவிட்டால் டிக்கெட் விலையைக் குறைத்துவிடுவார்களா என்ன?

2019 தொடங்கியபோது புது மேனேஜர் பிராண்டன் ஹைட், புது ஜெனரல் மேனேஜர் மைக் இலயஸ். பழையவர்களில் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். டேவிஸ் மட்டும் மிச்சம். ஒப்பந்தம் போகவிடாது. சொந்த ஊரில் முதல் ஆட்டம் நியூயார்க் யாங்கீஸோடு. அன்று அவர் பெயரை அறிவித்தபோது எழுந்த கூச்சலை நான் வீட்டிலிருந்து டிவியில் கேட்டேன். "பூ..." என்று நீளமாக ஓர் ஏளனச் சத்தம். மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட். கடைசியில் அவருக்குப் பதில் வேறு ஒருவரை மட்டை பிடிக்க அனுப்பினார்கள்.

அந்த வாரமே நான் மைதானத்துக்குப் போனேன். கேம்டன் யார்ட்ஸில் எனக்குப் பிடித்த விஷயம், வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போய், பத்து டாலர் ஹாட் டாக் வாங்குபவர்களுக்கு மத்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு தனி சுகம். தேசிய கீதத்தில் "ஓ" என்று வரும் இடத்தில் மொத்தக் கூட்டமும் ஓரியோல்ஸுக்காக "ஓ!" என்று கத்தும். அன்று கூட்டமே இல்லாததால் அந்தச் சத்தம் காலி நாற்காலிகளில் பட்டுத் திரும்பி வந்தது.

அங்கேதான் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். டேவிஸ் மட்டையோடு வந்தபோது கேலிக் குரல்கள் இருந்தன. ஆனால் என் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார். கிண்டலாக இல்லை. அப்புறம் இன்னும் சிலர். பந்து நன்றாகத்தான் பட்டது, நேராக ஃபீல்டர் கையில். "அய்யோ" என்று அந்தப் பகுதி முழுக்க ஒரு முனகல். முதல் ஆட்டத்தில் கத்தியவர்களில் சிலரும் அதில் இருந்திருப்பார்கள். ஏதோ ஓர் இடத்தில் கணக்கு மாறிவிட்டது. 20 முறை தவறினால் எரிச்சல், 30 முறை தவறினால் கேலி. நாற்பதைத் தாண்டினால் அது எல்லோருடைய பிரச்சினையாகிவிடுகிறது.

ஏப்ரல் 8-ம் தேதி ஓக்லாண்டோடு ஆடியபோது பிட்சர் அல்லாதவர்களில் மிக நீண்ட வறட்சி என்ற சாதனை அவர் பேருக்கு வந்தது. அதற்கு முன்பு எவ்ஹேனியோ வேலெஸ் 46 முறை ஹிட் இல்லாமல் இருந்தார். டேவிஸ் அன்றைக்கு மட்டும் ஐந்து முறை தோற்று அதைத் தாண்டினார். வீட்டில் தினமும் காலையில் என் மனைவி, "ஏங்க, நேத்தாவது அடிச்சாரா?" என்று கேட்பாள். பேஸ்பாலில் எத்தனை பேஸ் என்றுகூட அவளுக்கு அக்கறை கிடையாது. இந்த ஒரு கேள்வி மட்டும்.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் பேரி ஸீட்டோ என்ற பிட்சர் இருந்தார். ஏழு வருஷம், 12 கோடியே 60 லட்சம் டாலர். 2010-ல் அந்த அணி உலகத் தொடரை (மேஜர் லீகின் இறுதித் தொடரை) ஜெயித்தபோது பிளே ஆஃப் பட்டியலில் அவர் பெயரே இல்லை, அவ்வளவு மோசமாகப் போட்டுக்கொண்டிருந்தார். 2012-ல் அதே அணி செயின்ட் லூயிஸில் 3-1 என்று பின்தங்கி வெளியேறும் நிலையில் நின்றபோது அவரைத்தான் போட வைத்தார்கள். ஏழு முழு இன்னிங்ஸுக்கு மேல் போட்டார், ஒரு ரன்கூட விடவில்லை. அடுத்து உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், அந்தக் காலத்தின் அசுர பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை எதிர்த்துப் போட்டு ஜெயித்தார். வெர்லாண்டர் பந்தில் ஒரு ஹிட் அடித்து ரன்னும் கொண்டுவந்தார். மட்டை பிடித்தால் ஒப்புக்கு நிற்கும் ஆள்! ஏஞ்சல்ஸ் அணி 24 கோடி டாலர் கொடுத்த ஆல்பர்ட் பூஹோல்ஸை 2021 மே மாதம் வெளியே அனுப்பியது. அடுத்த வருஷம், 42 வயதில், பழைய செயின்ட் லூயிஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு 24 ஹோம் ரன் அடித்து மொத்தம் 703 என்று முடித்தார். இது டேவிஸ் கதைக்குப் பிறகு நடந்தது. ஆனாலும் இந்த மாதிரிக் கதைகள்தான் ரசிகனைத் தூங்கவிடாது. நூறு பேர் சத்தமில்லாமல் மங்கிப் போயிருப்பார்கள், அவர்கள் நினைவுக்கு வரமாட்டார்கள். ஸீட்டோ நினைவுக்கு வருவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏப்ரலில் எனக்கு ஸீட்டோவும் வேண்டியிருக்கவில்லை. கொடுத்த பணத்துக்கு ஈடு, 53 ஹோம் ரன் டேவிஸ், எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் எதிர்பார்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒரு மனுஷன் ஃபர்ஸ்ட் பேஸில் போய் நிம்மதியாக நிற்பதைப் பார்த்தால் போதும் என்ற அளவுக்கு வந்திருந்தது. ஒரு விதத்தில் அப்போதுதான் நான் முழு ரசிகனாக இருந்தேன். 2013-ல் யார் வேண்டுமானாலும் கை தட்டியிருக்கலாமே.

ஏப்ரல் 13, சனிக்கிழமை. ஃபென்வே பார்க், அதே பாஸ்டன். முதல் இன்னிங்ஸ், பிட்சர் ரிக் போர்செல்லோ. பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வலதுபக்கம் பறந்து புல்லில் விழுந்தது, இரண்டு ரன் வந்தது. டக்அவுட்டில் எல்லோரும் துள்ளினார்கள். டேவிஸ் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றுகொண்டு சிரித்தார். பிறகு, முதல் முதலாக ஹிட் அடித்த சின்னப் பையன்கள் ஞாபகத்துக்குப் பந்தை எடுத்து வைக்கச் சொல்வார்களே, அதே மாதிரி அந்தப் பந்தைக் கொடுங்கள் என்று கையைக் காட்டினார். 54 முறை தோற்ற ஆள் தன்னைப் பற்றியே ஒரு ஜோக் அடிக்கிறார்! நான் எழுந்து கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து "அடிச்சுட்டாரா?" என்று குரல் வந்தது. அதோடு விடவில்லை, அன்றைக்கே இரண்டு டபுளும் அடித்தார். மூன்று ஹிட், நான்கு ரன், 9-5 என்று வெற்றி.

அந்த பாஸ்டன் பயணத்தின்போது ஒரு சின்னப் பையன், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ரசிகன், அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தான் என்ற செய்தி பின்னால் வந்தது. ஆட்டம் எப்படிப் போனாலும் அதற்கும் நீங்கள் எவ்வளவு நல்ல மனிதர் என்பதற்கும் சம்பந்தமில்லை என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தானாம். எதிரணிப் பிள்ளை. நாங்கள் ஹிட்டுக்கு விலை வகுத்துக்கொண்டிருந்த நாட்களில் அவன் இதை எழுதியிருக்கிறான்.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அந்த சீசனை .179-ல் முடித்தார். ஆகஸ்டில் யாங்கீஸோடு ஆடும்போது டக்அவுட்டில் மேனேஜர் ஹைடோடு வாக்குவாதம் முற்றி, மற்றவர்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. நவம்பரில் அவரும் மனைவியும் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று நண்பர் தன் மேஜையிலிருந்து திரும்பி, "பத்து ஹிட் விலை" என்றார். ஆனால் இந்த முறை அவர் குரலில் காரம் இல்லை.

ரொம்பக் கொடுமை 2020-தான். ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் டேவிஸ் ஃப்ளோரிடாவின் சாரசோட்டாவில் பயிற்சிக்கு வந்தார். உடம்பைத் தேற்றியிருந்தார். பயிற்சி ஆட்டங்களில் மூன்று ஹோம் ரன் அடித்தார், பிட்சர்கள் மறுபடி பயந்து பந்தை விலக்கிப் போட ஆரம்பித்தார்கள். பயிற்சி ஆட்டத்தை நம்பக் கூடாது என்று எந்த ரசிகனுக்கும் தெரியும், ஆனாலும் நான் ஜூன் மாத ஆட்டங்களுக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மார்ச் பாதியில் கோவிட். எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள். ஜூலை கடைசியில் ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது அந்த டேவிஸ் காணாமல் போயிருந்தார். 16 ஆட்டம், சராசரி .115, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. 2021-ல் இடுப்பு அறுவை சிகிச்சை, ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஆகஸ்ட் 12-ம் தேதி ஓய்வை அறிவித்தார். மொத்தம் 295 ஹோம் ரன். இன்னும் ஐந்து அடித்திருந்தால் முந்நூறு.

அணி பிழைத்துக்கொண்டது. 2018-ல் அவ்வளவு கேவலமாகத் தோற்றதால் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்டில் முதல் வாய்ப்பு வந்து, முதல் ஆளாக ஆட்லி ரட்ச்மன் கிடைத்தார். 2023-ல் ஓரியோல்ஸ் 101 ஆட்டங்களில் ஜெயித்தது. அதே 2023-ல் மேஜர் லீக் ஷிஃப்டைத் தடை செய்தது. செகண்ட் பேஸுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. அன்று காலை முதல் வேலையாக நண்பரின் மேஜைக்குப் போனேன். இந்த விதி ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் டேவிஸ் கதையே வேறு என்றேன்.

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "2018-ல் அவர் 192 தடவை ஸ்ட்ரைக் அவுட். பந்து மட்டையில் பட்டால்தானே ஷிஃப்ட்?"

சரிதான். ஆனால் மீதி 278 முறை பட்டதே என்றேன்.